யாளி ஏன் அழுதது?

முத்தேரி அரசர் வல்லபராயருக்கு அழகான எதைக் கண்டாலும் தலைகால் புரியாது. அவருடைய மைத்துனர் சாமந்தராயரோ பெரிய ஓவியர். இந்த இருவரும் ஒரே அரண்மனையில் இருந்தால் கேட்கவா வேண்டும்!

சாமந்தராயர் ஒரு தோற்பாவைக் கூத்து தயார் செய்தார். கடலோரத்து ஊர்களில் பாடுகிற பழைய யாளிக் கதை. அரண்மனையில் யாரும் கேட்டதில்லை. அதைப் பாடுவதற்காகக் கடற்கரையிலிருந்து குழல்வாய்மொழி என்ற பாட்டுக்காரியை வரவழைத்தார். கடைசி நேரத்தில் அவளைப் பாடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நீ பாடினால் எல்லோரும் பாட்டைக் கேட்பார்கள். என் படத்தை யார் பார்ப்பது?"

அந்தி சாய்ந்ததும் திரைக்குப் பின்னால் விளக்குகள் எரிந்தன. அடடா, என்ன அழகு! திரையிலே அருவி கொட்டியது. கடல் பொங்கியது. யாளி எழுந்தபோது அதன் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. ஒரு பெண் வந்தாள். ஒரு கல் இருந்தது. மறுபடி அருவி. பெண் வாயசைத்தாள். யாளி நீலநீலமாகக் கண்ணீர் விட்டது. மறுபடியும் அருவி. அவ்வளவுதான், கூத்து முடிந்தது!

சபை எழுந்து நின்று கைதட்டியது. அரசர் குதிக்காத குறை.

"வடகாவி அரசர் வீட்டுக் கல்யாணத்தில் இதைத்தான் நடத்தப் போகிறோம்!" என்றார்.

குழல்வாய்மொழி முன்னால் வந்தாள். "மகாராஜா, படமெல்லாம் கண்கொள்ளாத அழகு. ஆனால் கதையைக் காணோமே?"

சாமந்தராயர் முகம் சிவந்துவிட்டது. "பாடவிடவில்லை என்று பொறாமை, அத்தான்! இப்படி ஆளாளுக்குக் குற்றம் சொன்னால் நான் தூரிகையைத் தொடவே மாட்டேன்."

அரசர் பதறிப்போனார். அங்கேயே உத்தரவு போட்டார். கூத்தில் குற்றம் சொன்னால் பாதி மீசையை மழித்துவிட வேண்டும். மீசை இல்லாதவர் நாட்டைவிட்டே போகவேண்டும். குழல்வாய்மொழி மறுநாள் உச்சிக்குள் கிளம்பவேண்டியதுதான்.

மறுநாள் காலை சபை கூடியது. அரசவை விகடகவி ஆவுடையப்பன் எழுந்து கும்பிட்டார். அவருக்குக் காதுவரை ஓடும் மீசை.

"மகாராஜா, இப்படி ஒரு கூத்தை உலகம் கண்டதில்லை. ஆனால் வடகாவி அரசர் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற மனிதர். கல்யாணப் பந்தலில் நாம் திருதிருவென்று விழிக்கக்கூடாது. இப்போதே ஒத்திகை பார்த்துவிடலாமா? நான்தான் வடகாவி அரசர்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர்.

ஆவுடையப்பன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கால்மேல் கால் போட்டார். தொண்டையைக் கனைத்தார். "ஓய் தளபதி! அந்த யாளி ஏன் அழுதது?"

தளபதி நெஞ்சை நிமிர்த்தினார். "போரில் தோற்றதால், அரசே!"

"போரா? எங்கே நடந்தது?"

"அருவிக்குப் பின்னால் நடந்திருக்கும்."

பொக்கிஷக்காரர் சிரித்துவிட்டார். "போரும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெண் யாளியின் மகள். அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறது. அதனால்தான் அழுகை."

"மாப்பிள்ளை யார்?"

"அந்தக் கல்!"

"கல்லுக்கா பெண்ணைக் கொடுப்பார்கள்? அது கல்லே இல்லை, யாளியின் முட்டை!" என்று ராஜகுரு கத்தினார்.

"முட்டை என்றால் யாளி ஏன் அழுகிறது?"

"முட்டை பொரியவில்லையே, அந்தத் துக்கம்தான்!"

சபையே இரண்டுபட்டது. கல் என்று ஒரு கூட்டம், முட்டை என்று ஒரு கூட்டம். தளபதி வாளில் கைவைத்துவிட்டார்.

அரசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மைத்துனர் பக்கம் திரும்பினார். "கூத்தைச் செய்தவர் நீர். நீரே சொல்லும். யாளி ஏன் அழுதது?"

"அழுதால்தானே அத்தான், விளக்கு வெளிச்சத்தில் கண்ணீர் நீலமாக மின்னும்?"

வடகாவிக் கல்யாணப் பந்தல் முழுக்க வயிறு குலுங்கச் சிரிப்பது அரசர் கண்முன் வந்து நின்றது.

"ஆவுடையப்பரே, நீர் குற்றம் சொல்கிறீர்!"

"நானா? பாராட்டுகிறேன், மகாராஜா! மற்றவர்கள் ஒரு கூத்துக்கு ஒரு கதைதான் வைப்பார்கள். நம் சாமந்தராயர் தலைக்கொரு கதை கொடுத்திருக்கிறாரே!"

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் பாட்டுக்காரியைக் கூப்பிடுங்கள்!"

மூட்டையும் கையுமாகக் கிளம்பியிருந்த குழல்வாய்மொழி வந்தாள். சபைக் கதவுகளைச் சாத்தி விளக்கேற்றினார்கள். அதே பாவைகள், அதே அருவி. இந்தமுறை அவள் பாடினாள். ஓர் இளவரசன் விளையாட்டாக அம்பு விட்டான். அது யாளியின் குட்டியைக் கொன்றது. யாளி அவனைக் கல்லாக்கிவிட்டது. அவன் தங்கை தேடிவந்தாள். கெஞ்சவில்லை. செத்துப்போன குட்டிக்காக ஒரு தாலாட்டுப் பாடினாள். அதைக் கேட்டுத்தான் யாளி அழுதது.

தளபதி மீசை நனையத் தேம்பினார். சாமந்தராயரே மூக்கைச் சிந்தினார்.

"மைத்துனரே, அந்தக் குட்டியை ஏன் காட்டவில்லை?"

"அது நின்றால் அருவி மறைகிறது, அத்தான்."

"மறையட்டும்! குட்டியை வரையும். அம்மா, கல்யாணத்தில் நீதான் பாடவேண்டும்."

உத்தரவு ரத்தானது. அரசர் ஆவுடையப்பனைக் கூர்ந்து பார்த்தார். "எல்லோரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நேற்று நீர் என்ன கதை பார்த்தீர்?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"உண்மையைச் சொன்னால், முதல் அருவியிலேயே தூங்கிவிட்டேன், மகாராஜா. கைதட்டலில்தான் விழித்தேன். கதை என்னவென்று இந்தப் பக்கம் தளபதியைக் கேட்டேன். ஒன்று சொன்னார். அந்தப் பக்கம் பொக்கிஷக்காரரைக் கேட்டேன். வேறொன்று சொன்னார். அப்பாடா என்றிருந்தது. விழித்திருந்தவர்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தன் சரிகைச் சால்வையை உருவி அவர்மேல் போர்த்தினார்.

"கதகதப்பாக இருக்கிறதே என்று கல்யாணத்திலும் தூங்கிவிடாதீர்!"