நாலாவது கால்

முத்து மூட்டை மூட்டையாக விளைந்த காலத்தில், சிப்பிநாட்டைப் பேரிசையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது நினைத்தபோதே நடக்க வேண்டும் அவனுக்கு.

கடல்கடந்து வந்த வணிகர்கள் ஒருநாள், அரண்மனைத் தராசு நிலையில்லாமல் ஆடி, ஒரே முத்துக்குக் காலையில் ஓர் எடையும் மாலையில் ஓர் எடையும் காட்டுகிறது, இனி இங்கே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பௌர்ணமிக்குள் பிசகாத தராசு செய்பவருக்கே மந்திரி மோதிரம் என்று அறிவித்தான்.

அந்த மோதிரம் மந்திரி அறவாழியின் விரலில் இருந்தது. அதன்மேல் வெகுகாலமாகக் கண் வைத்திருந்தவர் சபையிலிருந்த வில்லவராயர். அன்றைக்கே பொற்கொல்லர்களைக் கூட்டி, நாலு கால் பொன்பீடத்தோடு தராசு வார்க்கத் தொடங்கிவிட்டார்.

அறவாழியோ மூங்கில் குச்சிகளோடு உட்கார்ந்தார். ஒரு மாதிரி செய்வார், தள்ளிப் பார்ப்பார், ஊதிப் பார்ப்பார். ஆடினால் உடைத்துவிட்டு வேறு யோசிப்பார். மந்திரி சொப்பு விளையாடுகிறார் என்று ராயர் வத்தி வைக்க, ராஜா கூப்பிட்டுக் கேட்டான்.

"அரசே, மூங்கிலில் தப்பு வந்தால் ஒடித்துப் போட்டுவிடுவேன். பொன்னில் வந்தால் ஒடிக்க மனசு வராது, முட்டுக்கொடுத்தே காலம் போய்விடும்" என்றார் அறவாழி. சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே இன்னும் வழி பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் செய்த மாதிரி எப்படித் தள்ளியும் ஆடவில்லை. மந்திரி எழுந்து ஒரு குதி குதித்தார். பிறகுதான் வெண்கலம் உருக்கச் சொன்னார்.

பௌர்ணமியன்று சபை கூடியதும் ராஜாவுக்குத் திடீர் ஆசை: முத்தெடுக்கும் கடற்கரையிலேயே நிறுக்க வேண்டும். ஊரே அங்கே ஓடியது.

கரையெல்லாம் மேடுபள்ளமான பாறை. ராயரின் தராசில் மூன்று கால் ஊன்றியது, ஒன்று அந்தரத்தில் நின்றது. ஓலையை மடித்துச் செருகினார். சிப்பியைச் செருகினார். கடைசியில் தலைப்பாகையையே கிழித்துச் செருகினார். இந்தப் பக்கம் சரிசெய்தால் அந்தப் பக்கம் தூக்கியது. முள் நிற்கவே இல்லை. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள்.

அறவாழியின் தராசுக்கு மூன்றே கால். தட்டுகளைத் தாங்கும் கோல் கொக்கியில் தொங்கியது. பாறை சாய்ந்திருந்தும் பீடம் அசையவில்லை. வணிகர்கள் இடம் மாற்றி மாற்றி நிறுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே எடை. அங்கேயே முத்து வாங்க முண்டியடித்தார்கள்.

அதெப்படி என்று ராஜா கேட்டான்.

"மூன்று கால் எங்கே வைத்தாலும் தரையைத் தொட்டுவிடும் அரசே. நாலாவதுதான் சண்டைக்கு வரும். அதை மூங்கிலிலேயே கழற்றிவிட்டேன்."

ராஜா ராயர் பக்கம் திரும்பினான்.

"ராயரே, உம் தராசில் ஒரு கால் அதிகமாம். உம் கையாலேயே அறுத்து மந்திரிக்குக் கொடுத்துவிடும்."

கெட்டிப் பொன். அறுத்து முடிக்க ராயருக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. அதுவரை ஊரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.