வயலில் கிடந்த எல்லை

நெல்லியாறு பாயும் நாட்டை வெகுகாலத்துக்கு முன் மாறவேந்தன் என்றொரு அரசன் ஆண்டான். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வதே அவனுக்குச் சரி.

ஒரு வருடம் மழை பொய்த்தது. "நெல்லியாற்று நாட்டார் எல்லோருக்கும் களஞ்சியத்திலிருந்து தானியம்" என்று முரசறைவித்தான். மலைச்சரிவிலிருக்கும் கரட்டுப்பட்டி ஜனங்களும் சாக்கோடு வந்தார்கள். களஞ்சிய அதிகாரி பூவராகர் மறித்து, அவர்களை அரசன் முன் நிறுத்தினார். ஆற்றங்கரையில் நல்ல வயல் வைத்திருப்பவர். அவருக்கு அமைச்சர் அம்பலவரைக் கண்டால் ஆகாது.

"அரசே, ஆற்று நாடு என்றால் வாய்க்கால் பாயும் இடம் மட்டும்தான். இவர்கள் ஊரில் வாய்க்கால் ஏது? இவர்கள் அயலார்."

"அதுவும் சரிதான்" என்றான் அரசன்.

கரட்டுப்பட்டி மாடத்தி கும்பிட்டாள். "பிள்ளைங்க புளியங்கொட்டையை வறுத்துத் தின்னுதுங்க சாமி. நாங்க அயலார்னா, எந்த ராஜாகிட்டப் போய் நிக்கறது?"

அம்பலவர் மெல்லச் சொன்னார்: "பூவராகர் போட்ட எல்லையே இருக்கட்டும். ஆனால், அயலார் பொருள் நம்மிடம் இருந்தால் திருப்பித் தர வேண்டாமா?"

"தரத்தான் வேண்டும்!" என்று முந்திக்கொண்டார் பூவராகர்.

மறுநாள் அவரே அலறிக்கொண்டு வந்தார். "அரசே! கரட்டுப்பட்டிக்காரர்கள் என் வயல் மண்ணைக் கூடை கூடையாக அள்ளுகிறார்கள்!"

"அள்ளச் சொன்னது நான்தான்" என்றார் அம்பலவர்.

அரசன் வயலுக்கே போனான். மாடத்தி ஒரு கட்டியை நீட்டினாள். "ஆத்து மண்ணு வெளுத்த மணல் சாமி. இந்தச் சிவப்பு எங்க கரட்டு மண்ணு. ஒவ்வொரு வெள்ளமும் எங்க மேல்மண்ணைக் கொண்டாந்து இங்க போடுது. எங்களுக்குப் பாறைதான் மிச்சம்."

"இதை அள்ளிவிட்டால் நான் எதில் விதைப்பேன்?" என்று பதறினார் பூவராகர்.

"மண் நம்முடையது, மனிதர் மட்டும் அயலாரா?" என்றார் அம்பலவர்.

அரசன் இந்த முறை தலையாட்டவில்லை. மண்கட்டியை வாங்கிக்கொண்டு கரட்டுப்பட்டி ஜனங்களிடம் திரும்பினான்.

"அள்ளியதை வயலிலேயே கொட்டிவிட்டுக் களஞ்சியத்துக்கு வாருங்கள். முதல் சாக்கு இந்த அம்மாளுக்கு. அம்பலவரே, என் பக்கத்து ஆசனம் இனி உமக்கு. நீ சொல் தாயே, எல்லை எது?"

"பெய்யற மழை மலைக்கு அந்தப் பக்கமாத் திரும்புற உச்சிவரைக்கும் சாமி."

"அங்கே எல்லைக்கல் நடவேண்டும். சுமப்பவர் பூவராகர்."

அரசனும் கூடவே ஏறினான். பாதி மலையில் பூவராகருக்கு மூச்சு வாங்கியது. கல்லை இறக்கினார். "இங்கேயே நட்டுவிட்டால் என்ன, அரசே?"

"நடலாம். இங்கே பெய்யும் மழை எங்கே போகும்?"

பூவராகர் கீழே பார்த்தார். தூரத்தில் அவர் வயல் சிவப்பாகத் தெரிந்தது.

குனிந்து, கல்லை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டார்.