உர்தாஸ்பே என்றால் என்ன?

பாஸ்க் மலைநாட்டில் வீட்டுக்கு மனிதன் பெயர் வைப்பதில்லை. வீட்டின் பெயர்தான் மனிதனுக்கு. யார் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுகிறாரோ, அவரை ஊர் அந்தப் பெயரால் கூப்பிடும்.

அந்த நாட்டில் பெத்ரி உர்தாஸ்பே என்று ஒருவர் இருந்தார். நாற்பது ஆண்டுகள் ஊர்ப் பதிவேட்டில் பிறப்பும் இறப்பும் எழுதி ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் அவருக்கு ஞானம் தேட ஆசை வந்தது. மலைமேல் சிறு கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கிராசியானா என்ற பெண்ணிடம் சீடராகச் சேர்ந்தார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவாள்.

ஒருநாள் காலை அவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். கிராசியானா வாசலில் உட்கார்ந்து ஆப்பிளில் அழுகிய பகுதிகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உர்தாஸ்பே என்றால் என்ன?”

“உங்கள் பெயர்.”

“அது தெரியும். பொருள்?”

“யாரிடமாவது கேட்டீர்களா?”

“மூன்று பண்டிதர்களிடம் கேட்டேன். ‘நீருக்குக் கீழே உள்ள இடம்’ என்கிறார் ஒருவர். அது யாரோ ஒரு பழங்காலத்து மனிதனின் பெயர், தேய்ந்து இப்படி ஆகிவிட்டது என்கிறார் இன்னொருவர்.”

“மூன்றாமவர்?”

பெத்ரி இருமினார். “பன்றி மேய்கிற சரிவு என்கிறார்.”

“நீங்கள் எதை வைத்துக்கொண்டீர்கள்?”

“நீரை.”

“நல்லது” என்றாள் கிராசியானா. சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

“விளையாட்டில்லை அம்மா. எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டை மரிச்சுவுக்கும் அவள் புருஷனுக்கும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஏழு வருஷமாக என் வீட்டிலேயே தங்கி என் நிலத்தில் பாடுபடுகிறார்கள். நாளைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களையும் எத்தனை நாள் காத்திருக்கச் சொல்வது?”

“போடுங்களேன்.”

“வீட்டோடு பெயரும் போகிறதே. இன்னதென்று தெரியாத ஒன்றை இன்னொருவர் கையில் எப்படிக் கொடுப்பது?”

“உங்கள் கையில் யார் கொடுத்தார்கள்?”

“அப்பா.”

“அவர் பொருள் சொன்னாரா?”

“மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார்.”

“அவருக்கு யார் சொன்னார்கள்?”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் வேறு ஊர். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உர்தாஸ்பே ஆனவர்.”

கிராசியானா அடுத்த ஆப்பிளை எடுத்தாள். பெத்ரி தான் சொன்னதைத் தானே கவனிக்கவில்லை. பதிவேடுகளைக் கரைத்துக் குடித்தவர்தான், என்ன செய்வது.

பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“உண்மையைச் சொல்கிறேன் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் போன பிறகு யாரோ இரண்டு பேர் தங்களை உர்தாஸ்பே என்பார்கள். அப்படியானால் நான் யாராக இருந்தேன்? பொருளாவது தெரிந்தால் அதையாவது என்னோடு வைத்துக்கொள்வேன்.”

கிராசியானா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து பாறை விளிம்புக்குப் போனாள். பெத்ரியும் பின்னாலேயே போனார். கீழே பள்ளத்தாக்கில் அவருடைய வீட்டுக் கூரை தெரிந்தது. பக்கத்துச் சரிவில் ஒருத்தி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

கிராசியானா இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள்.

“உர்தாஸ்பே!”

“என்னம்மா?” என்றார் பக்கத்தில் நின்ற பெத்ரி.

“இதோ வர்றேன்!” என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

பெத்ரி எட்டிப் பார்த்தார். மரிச்சு நெற்றிமேல் கை வைத்து மேலே பார்த்தாள். மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மலையேறத் தொடங்கினாள். என்ன, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் ஏறுவதையே பெத்ரி பார்த்துக்கொண்டு நின்றார். முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவது வளைவில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

“இந்த வெயிலில் வருகிறாளே” என்றார்.

“வருகிறாள்.”

“எதற்குக் கூப்பிட்டோம் என்று கேட்பாளே அம்மா?”

“கேட்பாள். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் ஏறி வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது.”