லிஃப்டுக்குள் போன படிவம்

இரண்டே வருஷத்தில் மூன்று மாடிக்கு வளர்ந்த கம்பெனி அது. ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் வாயால் எதுவும் சொல்லக் கூடாது, படிவம்தான், மூன்று நாளில் பதில் என்று மேலாளர் வைகுண்டம் சட்டம் போட்டார். கேட்டால் ஒழுங்காம். மாடிக்கு மாடி தகவல் சொல்லிவந்த துப்புரவுப் பணியாளர் செண்பகத்திடம், "இன்னொரு தடவை சொன்னா உனக்கு வேலை இல்லை" என்றார்.

மறுநாளே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

"செண்பகம், பராமரிப்புப் பிரிவுல போய்ச் சொல்லும்மா."

"வாயால சொன்னா வேலை போயிடுமே சார்." கதவிடுக்கில் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். "எழுதிக் கொடுங்க. மூணு நாள்ல வந்துடுவாங்க."

உள்ளே பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு படிவம் வெளியே வந்தது: "இனி யாரும் யாரிடமும் வாயால் சொல்லலாம்." கீழே கையெழுத்து.

செண்பகம் அதை முதலில் அறிவிப்புப் பலகையில் குத்தினாள். அப்புறம்தான் பராமரிப்புப் பிரிவுக்குப் போனாள்.