நாவலில் வந்த நல்லவள்

கோவில்பட்டியில் ஜெசிந்தா என்றொரு நாவலாசிரியை இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டு மாடியில் எழுதப் பழகுகிறவர்கள் கூடுவார்கள். அவர்களில் முத்துச்செல்விதான் மூத்தவள். ஆசிரியையைவிடவே வயதில் பெரியவள். ஆனாலும் அவர் பேச ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர் எழுதியதில் ஒரு வரி விடாமல் படித்தவள்.

தன் அம்மாவைப் பற்றி அவள் ஒரு நாவல் எழுதி முடித்திருந்தாள். ஜெசிந்தா முழுவதையும் படித்தார்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"நடை நல்லா வந்திருக்கு அக்கா."

"அம்மா?"

ஜெசிந்தா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உங்க வீட்டுக்குப் போவோம். எழுதினதை எடுத்துக்கோங்க."

வீட்டில் அம்மா குருவம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளோடு வந்தவரை ஏறிட்டுப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

"முதல் அத்தியாயத்தை வாசிங்க அக்கா."

முத்துச்செல்வி தாள்களைப் பிரித்தாள். அம்மாவிடம் அவள் அதைக் காட்டியதே இல்லை. வாசித்தாள்.

மகள் கல்லூரிக்குக் கிளம்புகிற காலை. அம்மா இருட்டோடு எழுந்து புளிச்சோறு கிளறுகிறாள். பெட்டியைத் தலையில் சுமந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறாள். பஸ் நகரும்போது கண்ணீரோடு சிரிக்கிறாள்.

குருவம்மாள் கை நிற்கவில்லை. வாசித்து முடிந்ததும் கேட்டாள்.

"யாரு இது? தங்கமான பொம்பளையா இருக்காளே."

"நீதாம்மா."

"நானா? புளிச்சோறு கட்டுனது நெசம். பெட்டி தூக்குனதும் நெசம். ஆனா நான் சிரிக்கல."

"அழுதியா?"

"அழுகவும் இல்ல. வயிறு எரிஞ்சுச்சு." ஒரு காம்பை ஒடித்துப் போட்டாள். "எட்டாப்போட என்னையப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துனப்ப நாந்தான் வகுப்புல முதல். நீ புதுத் தாவணியோட ஜன்னலோரமா உக்காந்திருக்க. அந்த எடத்துல நான் இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. லீவுக்கு வந்தப்ப, படிச்ச திமிரான்னு உன்னைய ஏசுனேனே, அது எதுக்குன்னு நெனச்ச?"

முத்துச்செல்விக்கு அந்த ஏச்சு நன்றாக நினைவிருந்தது. காரணம் மட்டும் இத்தனை வருஷமாகத் தெரியாது. அதனால்தான் நாவலில் அதை எழுதாமல் தாண்டிப் போயிருந்தாள்.

"எழுதுறதுன்னா சரியா எழுது. இவ யாரோ மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டு, குருவம்மாள் காப்பி போட உள்ளே போனாள்.

திரும்பி வரும்போது தெருமுனையில் முத்துச்செல்வி கேட்டாள்.

"அம்மா சொன்னதை எப்படி டீச்சர் எழுதுறது? பெத்த மகளைப் பார்த்தே வயிறெரிஞ்சவன்னு படிக்கிறவங்க பேச மாட்டாங்களா?"

ஜெசிந்தா நின்றார்.

"அவ்வளவு வயித்தெரிச்சலோட, உங்க பெட்டியைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யாரு அக்கா சுமந்தாங்க?"