தவளைக்குத் தொண்டை ஏன் ஓயாமல் துடிக்கிறது

அந்தக் காலத்தில், வாயில்லா ஜீவன் என்று எதையுமே சொல்ல முடியாத காலத்தில், நீராயி என்றொரு தவளை வாய் நிறையத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். கோடை முற்றி, பாறைக்குழி வற்றிக்கொண்டு வந்தது. குழிக்குள் அவளுடைய ஏழு பிள்ளைகள், கால்கூட முளைக்காத தலைப்பிரட்டைகள். ஊற்றில் வாயை நிரப்புவாள், தத்தி வருவாள், குழியில் பீய்ச்சுவாள். விடிந்ததிலிருந்து இதே வேலைதான்.

ஒரு நடை போய்விட்டுத் திரும்பினால், குழியின் மறுகரையில் சாரைப்பாம்பு படுத்திருக்கிறது.

"என்ன நீராயி, பிள்ளைகளைக் குளிப்பாட்டுறியா? நல்லாக் குளிப்பாட்டு. மண்ணு பல்லுல கடிபட்டா எனக்கு ஆகாது."

நீராயிக்கு வாயிலிருந்த தண்ணீர் அப்படியே வழிந்துவிட்டது. கறையான் தின்று கூடாக்கிய நீளமான கிளை ஒன்று பாறைமேல் கிடந்தது. கொடுக்கன் என்ற நண்டு அதற்குள்தான் குடியிருந்தான். அவனைக் கூப்பிட அவள் துளையில் வாயை வைத்தாள். பயத்தில் பேச்சு வரவில்லை. உதடுகள்தான் படபடத்தன. கிளைக்குள்ளிருந்து 'பூம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பிப் பாறையையே அதிரவைத்தது.

பாம்பு அசையவில்லை. அதற்கு வயிறுதானே காது? பாறை அதிர்ந்ததும், யானைக் கூட்டமே வருகிறது என்று பயந்து உடம்பு மரத்துப்போனது.

நீராயிக்கு மூச்சு தீர்ந்தது. வாயை எடுத்துக் காற்றை இழுத்தாள். அந்த ஒரு நொடிதான். பாம்பின் தலை குழிக்குள் போய் வந்தது. ஏழு ஆறாயிற்று.

அவள் அழக்கூட இல்லை. மறுபடி வாயை வைத்து ஊதினாள்.

மறுமுனை வழியாகக் கொடுக்கன் தட்டுத்தடுமாறி வெளியே வந்தான். "என் காது போச்சு! எவன் அங்கே..." என்றவன், பாம்பைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "நிறுத்திடாதே தங்கச்சி. வெயில் உச்சிக்கு வந்தா பாறை கொதிக்கும். பாம்பு தாங்காது."

நிறுத்தாமல் எப்படி? அவளுக்குக் கண் இருட்டியது. சத்தம் மெலிந்தது. பாம்பு ஒரு சாண் முன்னே வந்தது.

"மூச்சை நெஞ்சுல தேடாதே" என்றான் கொடுக்கன். " கன்னத்துல கொஞ்சம் மிச்சம் வை. தண்ணி பீய்ச்சும்போது மூக்கால மூச்சு வாங்குவியே, அதே மாதிரிதான். கன்னத்துக் காத்தை வெளியே தள்ளு, மூக்கால உள்ளே இழு."

முதல் தடவை சத்தம் 'புர்ர்' என்று கிழிந்தது. பாம்புக்கு உடம்புதான் மரத்திருந்தது, வாய் மரக்கவில்லை. "நல்லா வாசிக்கிறே. சீக்கிரம் முடி, பசிக்குது."

அடுத்த தடவை தொண்டையை அமுக்கிக் காற்றைத் தள்ளினாள். மூக்கு வழியே புதுக்காற்று குளுகுளுவென்று இறங்கியது. சத்தம் அறுபடவில்லை.

வெயில் ஏறியது. பாம்பு இப்போது நயமாகப் பேசியது. "நீராயி, நான் முழுங்கின பிள்ளைக்கு என்ன பேரு? பேரை மட்டும் சொல்லு, வெளியே துப்பிடுறேன்."

பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. குழியில் ஆறு வால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பெயரையும் காற்றோடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கினாள். அடக்கிக்கொண்டே ஊதினாள்.

உச்சியில் பாறை கொதித்தது. நீராயியின் பாதம் வெந்தது, அவள் காலை எடுக்கவில்லை. வயிறு பொசுங்கிய பாம்புதான் திட்டிக்கொண்டே புதருக்குள் ஓடியது.

"போயிடுச்சு தங்கச்சி. போதும், நிறுத்து" என்றான் கொடுக்கன்.

வாயை எடுத்தாள். சத்தம் நின்றது. தொண்டை நிற்கவில்லை.

"அதான் போயிடுச்சே!"

"தெரியுது அண்ணே. ஆனா இதை நிறுத்த எனக்குத் தைரியம் வரலை."

அன்று முதல்தான், கல்லைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கும் தவளைக்கும் தொண்டை மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது.