கூழைக்கடாவின் வால் விளக்கு

ஒரு காட்டின் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டுப் பறவைகள் இருட்டில் பறக்கும்போது ஒன்றோடு ஒன்று மோதாமல் இருக்க விளக்கு கட்டிக்கொள்ளும். இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை. அதைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் போகிறார் என்று மற்றவை தெரிந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் சிரட்டையில் நெருப்புக் கங்கு வைத்துக் கட்டின. பாதி வழியில் இறகு பொசுங்கியது. பிறகு எண்ணெய் விளக்கு வந்தது. அது காற்று அடித்தால் பொசுக்கென்று அணைந்தது. கடைசியில், இருட்டில் தானாக ஒளிரும் காளானைத் தையல்சிட்டு கண்டுபிடித்தது. மெல்லிய சருகுப் பையில் வைத்துத் தைத்துக் கொடுத்தது. சுடவும் இல்லை, அணையவும் இல்லை. பறவைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

விளக்குகளைச் சோதிக்கும் வேலை ஆட்காட்டிக் குருவிக்கு. அது சரி என்று தலையாட்டினால்தான் யாரும் கிளம்பலாம். ஆள் சிறியதுதான், ஆனால் யாருக்கும் பயப்படாது.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும் கூழைக்கடா தன் இரண்டு குஞ்சுகளோடு வந்தது. மலைக்கு அப்பால் இருந்த குளத்துக்கு அவற்றை முதல்முதலாகக் கூட்டிப் போகிற நாள் அது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. வால் விளக்கை அக்கரையில வச்சுப் பார்க்கணும்" என்றது ஆட்காட்டி.

கூழைக்கடா அலகுப் பை குலுங்கச் சிரித்தது. "அணையவே அணையாத விளக்குக்கு என்ன தங்கச்சி சோதனை? ரெண்டு மழைக்காலம் பார்த்த விளக்கு இது. இதோ, கண்ணு முன்னால எரியுது பார்!"

கரையில் இருந்த வாத்துகளும் சேர்ந்துகொண்டன. "கங்கு காலத்து வேலையை இன்னும் கட்டிக்கிட்டு அழுறா!"

ஆட்காட்டி கொஞ்சமும் அசரவில்லை. "உங்களுக்குப் பின்னாலேயே நாரைக் கூட்டம் வேகமா வரும். குஞ்சுகளுக்கு இன்னும் விளக்கு கட்டலை. உங்க வால் விளக்கு தெரிஞ்சாதான் நாரைங்க ஒதுங்கும். ஒரு பந்தயம் வச்சுக்கலாமா? உங்க விளக்கையும் ஒரு புது விளக்கையும் அக்கரையில ஒரே கிளையில தொங்க விடுவோம். இங்கேயிருந்து உங்களுது தெரிஞ்சா, இனிமே நான் யாரையும் சோதிக்க மாட்டேன்."

"இவ்வளவுதானே!" என்று கூழைக்கடா விளக்கை அவிழ்த்துக் கொடுத்தது. தையல்சிட்டு இரண்டையும் கொண்டுபோய் அக்கரை மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்க விட்டது.

இக்கரையில் இருந்து பார்த்தால் வெள்ளையாக ஒரே ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தது.

"பார்த்தியா!" என்று துள்ளியது கூழைக்கடா. "என் விளக்கு எப்படி மின்னுது! உன் புது விளக்குதான் கண்ணுலயே படலை."

வாத்துகள் இறக்கையைத் தட்டிக் கும்மாளம் போட்டன.

"சந்தோஷம் அண்ணே. கிட்டப் போய் ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்றது ஆட்காட்டி.

கூழைக்கடா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீந்தியது. குஞ்சுகளும் பின்னாலேயே நீந்தின. ஆட்காட்டி அவற்றின் தலைக்கு மேலே பறந்து வந்தது. அக்கரையில் கிளையில் இரண்டு விளக்குகளும் தொங்கின. ஒன்று பளிச்சென்று இருந்தது. இன்னொன்று மங்கலாக ஒளிர்ந்தது.

சின்னக் குஞ்சு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "அப்பா, நீங்க போடுற இரட்டை முடிச்சு இந்த மங்கல் விளக்குலதானே இருக்கு?"

கூழைக்கடா குனிந்து முடிச்சைப் பார்த்தது. தன் முடிச்சேதான். "ஆனா... எரியுதே!" என்று முனகியது.

"எரியுதுதான் அண்ணே. கங்கும் எண்ணெய் விளக்கும் அணைஞ்சா உடனே தெரிஞ்சிடும். இது அணையாது, கொஞ்சம் கொஞ்சமா மங்கும். தினமும் பக்கத்துல இருந்தே பார்க்கிற உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

அந்த நேரம் தலைக்கு மேலே சர்ரென்று ஒரு சத்தம். நாரைக் கூட்டம் மலையைப் பார்த்துப் பாய்ந்து போனது. கூழைக்கடா கிளம்ப இருந்த அதே வழி, அதே உயரம். கூழைக்கடா சட்டென்று இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டது.

தையல்சிட்டு அங்கேயே புதுக் காளான் வைத்துத் தைத்துக் கொடுத்தது. கூழைக்கடா அதை வாலில் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டது.

"நல்லாத்தான் எரியுது அப்பா. கிளம்பலாமா?" என்று கேட்டது பெரிய குஞ்சு.

"பொறு கண்ணு" என்றது கூழைக்கடா. "தங்கச்சி, நீ நாம கிளம்பி வந்த அந்தக் கரைக்குத் திரும்பிப் போ. அங்கே நின்னு பார்த்துச் சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் ஒரு இறகைக்கூட அசைக்க மாட்டேன்."

சற்று நேரத்தில் ஏரியின் மறுபுறத்தில் இருந்து ஆட்காட்டியின் கணீர்க் குரல் கேட்டது. "தெரியுது அண்ணே! கிளம்புங்க!"

நீதி: அணைந்துபோன விளக்கை எவரும் அறிவார், மங்கிவரும் விளக்கைத் தள்ளி நின்று பார்ப்பவரே அறிவார்.